பூண்டு தின்றால் கொசு ஓடுமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். என் மகளுக்கு 15 வயது. வீட்டில் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தாலும் கொசு அவளை மட்டும்தான் தேடி வந்து கடிக்கிறது. கணுக்காலிலிருந்து முட்டி வரை தடிப்பும், சொறிந்த புண்ணும், கருப்புத் தழும்புமாக இருக்கிறது. "இனிப்பு அதிகம் தின்கிறாள், அதனால்தான் ரத்தம் தித்திக்கிறது" என்கிறார் என் மாமியார். போதாததற்கு, அவள்மேல் வியர்வை நாற்றம் வருவதாக வகுப்பில் யாரோ சொல்லிவிட்டார்கள். இரண்டுக்கும் சாப்பாடுதான் காரணம் என்று எங்கோ படித்துவிட்டு இனிப்பு, வாழைப்பழம், முட்டை, இறைச்சி எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். காலையில் வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டு மெல்லுகிறாள். வைட்டமின் பி மாத்திரையும் போட்டுக்கொள்கிறாள். ஆள் இளைத்துப்போனதுதான் மிச்சம், கொசு குறையவில்லை. எதைச் சாப்பிட்டால், எதை விட்டால் இது சரியாகும்?

பதில்:

உங்கள் கடிதத்தைப் படித்ததும், கொசுவை விட அவள் சாப்பாட்டைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை வந்தது. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பூண்டையும் மாத்திரையையும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். முட்டை, இறைச்சி, வாழைப்பழம் எல்லாம் இன்றைக்கே அவள் தட்டுக்குத் திரும்பட்டும். மாதவிடாயில் இரும்புச்சத்தை இழக்கும் வயது, எலும்பு உறுதிப்படும் வயது. இந்த நேரத்தில் புரதத்தைக் குறைத்தால் அதற்கு விலை உண்டு. எடை குறைந்துகொண்டே போகிறது, மாதவிடாய் தள்ளிப்போகிறது, சாப்பிட உட்கார்ந்தாலே தயங்குகிறாள் என்றால் கொசுவை மறந்துவிட்டு அதற்காகவே ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

அவள் இரண்டு பிரச்சினைகளை ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டாள். பெரியவர்களே செய்கிற தவறுதான் இது. அடுத்த மனிதரின் மூக்கில் படும் உடல் நாற்றம் வேறு, ஒருவரைத் தேர்ந்தெடுக்கக் கொசு மோந்து பார்க்கும் வாசனை வேறு. முன்னதில் சாப்பாட்டுக்கு ஓரளவு பங்கு உண்டு. பின்னதில் அந்தப் பங்கு மிகவும் சிறியது. பெரும்பகுதியைத் தீர்மானிப்பது அவளுடைய தோல், அதன்மேல் வாழும் நுண்ணுயிர்கள், பிறப்பிலேயே வந்த மரபணுக்கள். அவள் எதையும் தவறாகச் சாப்பிட்டு இதை வரவழைத்துக்கொள்ளவில்லை. இதை அவளிடம் தெளிவாகவே சொல்லுங்கள்.

கொசு எப்படி ஆளைத் தேடி வருகிறது என்று பார்த்தால் இது இன்னும் புரியும். கடிப்பது பெண் கொசு மட்டும்தான். முட்டை வளர அதற்கு ரத்தத்தில் இருக்கும் புரதம் வேண்டும். பறப்பதற்கான சக்தியைப் பூந்தேனிலிருந்தும் செடிகளின் சாற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஆக, சர்க்கரைக்காக அது நம்மிடம் வரவில்லை. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை ஆவியாகிக் காற்றில் கலக்கும் பொருளும் இல்லை. காற்றில் வராத ஒன்றைக் கொசு மோந்து கண்டுபிடிக்க வழியே கிடையாது. இனிப்பை அளவோடு சாப்பிட வேண்டும் என்பதற்குப் பல்லும் எடையுமாக வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன. கொசுவை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நாம் விடும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடுதான் முதல் தடயம். 10 முதல் 50 மீட்டர் தள்ளியிருக்கும்போதே கொசுவுக்கு அது எட்டிவிடுகிறது. 5 முதல் 15 மீட்டருக்குள் வந்ததும் கண் வேலை செய்ய ஆரம்பிக்கிறது. அப்போது கருப்பு, சிவப்பு போன்ற நிறங்களை நோக்கி வருகிறது. கடைசி 1 மீட்டருக்குள் உடல் சூட்டையும் தோலின் ஈரத்தையும் உணர்கிறது. ஒரே அறையில் இருக்கும் எல்லோருமே மூச்சு விடுகிறார்கள், எல்லோர் உடம்பும் சூடாகத்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் ஒருவரை விட்டு இன்னொருவரிடம் போக வைப்பது தோலிலிருந்து எழும் வாசனை.

அந்த வாசனையில் நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்திருக்கின்றன. வியர்வையில் வரும் லாக்டிக் அமிலம் கொசுவை ஈர்க்கிறது என்று 1968-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அம்மோனியாவுக்கும் பங்கு உண்டு. அண்மைக் காலத்தில் அதிகம் பேசப்படுவது கார்பாக்சிலிக் அமிலங்கள். தோலைப் பளபளப்பாக வைக்கும் எண்ணெய்ப் பசையிலும், அதைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் வெளியிடும் கழிவிலும் இருப்பவை இவை.

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி வாஸ்ஹால் குழுவினர் செய்து 2022-இல் வெளியிட்ட ஆய்வை உங்கள் மகளுக்கு அவசியம் சொல்லுங்கள். 64 பேரின் முன்கையில் நைலான் காலுறையை மாட்டி, தோலின் வாசனை அதில் ஏறும்படி சில மணி நேரம் வைத்திருக்கச் சொன்னார்கள். பிறகு அந்தக் காலுறைத் துண்டுகளை இரண்டிரண்டாக, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டி கொசுக்களின் முன்னால் வைத்து, எதன் பக்கம் போகின்றன என்று எண்ணினார்கள். கொசுவை அதிகம் ஈர்த்தவருக்கும் மிகக் குறைவாக ஈர்த்தவருக்கும் நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தது. அதிகம் ஈர்த்தவர்களின் தோலில் கார்பாக்சிலிக் அமிலங்கள் கூடுதலாக இருந்தன. எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது வேறொன்று. ஆண்டுகள் கழித்து அதே ஆட்களைச் சோதித்தபோதும் யாரைக் கொசு விரும்பியதோ அவரையே விரும்பியது. அத்தனை காலத்தில் ஒரு மனிதர் என்னென்னவோ சாப்பிட்டிருப்பார், சோப்பை மாற்றியிருப்பார், ஊர் மாறியிருப்பார். கொசுவின் விருப்பம் மட்டும் மாறவில்லை.

மரபணு விஷயத்தை இரட்டையர்களை வைத்துச் சோதித்தார்கள். லண்டன் ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரே கருவிலிருந்து பிறந்த ஒத்த இரட்டையர்கள் இருவரிடமும் கொசு ஏறக்குறைய ஒரே அளவில்தான் போனது. தனித்தனிக் கருவிலிருந்து பிறந்த இரட்டையர்களிடம் அந்த ஒற்றுமை குறைவாக இருந்தது. உயரத்தைப் போல இதுவும் பெருமளவு பரம்பரையாக வருவது என்று அவர்கள் கணித்தார்கள்.

சரி, சாப்பாட்டால் ஒன்றுமே இல்லையா என்றால், அப்படியும் சொல்லிவிட முடியாது. கொசுவை ஈர்ப்பதாக ஓரளவு நன்றாகவே நிரூபணமான பானம் பீர். 2002-இல் ஜப்பானில் நடந்த சிறிய சோதனையில் 350 மில்லி பீர் குடித்தவர்கள் மேல் கொசு வந்து உட்காருவது கூடியது. 2010-இல் புர்கினா ஃபாசோவில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுக்களை வைத்துச் செய்த ஆய்விலும் இதே முடிவு வந்தது. குடித்ததால் மூச்சிலோ உடல் சூட்டிலோ வந்த மாற்றம் இதற்குக் காரணமாகத் தெரியவில்லை. அப்படியென்றால் வாசனைதான் மாறியிருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு இது பொருந்தாது. வீட்டில் குடிக்கிற பெரியவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

அவள் வாழைப்பழத்தை விட்டதற்கும் ஓர் ஆய்வுதான் மூலம் என்று நினைக்கிறேன். 2018-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், வாழைப்பழம் சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் ஆட்களின் கையை நாடி அனாபிலிஸ் கொசுக்கள் வருவது கூடியதைக் கண்டார்கள். திராட்சை சாப்பிட்டவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஆய்வில் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில், சிலரின் கையை மட்டும் வைத்து, ஒரே ஒரு வகைக் கொசுவைக் கொண்டு செய்தது. பார்த்த மாற்றமும் ஆளுக்கு ஆள் இருக்கும் அந்த நூறு மடங்கு வித்தியாசத்தின் அருகில்கூட வராது. இதற்காக ஒரு குழந்தை பழத்தை விட வேண்டியதில்லை.

இன்னொரு ஆய்வு என் மனதில் நிற்கிறது. ஜாம்பியாவில் 1,000 கன மீட்டர் அளவுக்குப் பெரிய வலைக்கூண்டு அமைத்து, சுற்றிலும் கூடாரங்களில் ஆறு பேரைத் தூங்க வைத்து, அவர்கள் உடல் வாசனையைக் குழாய் வழியாக உள்ளே விட்டார்கள். 2023-இல் முடிவு வெளியானது. கொசு மிகக் குறைவாக நாடிய ஒருவரின் வாசனையில் கார்பாக்சிலிக் அமிலங்கள் குறைவாகவும், யூகலிப்டால் என்ற செடிப்பொருள் அதிகமாகவும் இருந்தன. யூகலிப்டால் பல மூலிகைகளிலும் நறுமணப் பொருள்களிலும் இருப்பது. அது அவருடைய உணவிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஆர்வத்தைத் தூண்டும் தடயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு மனிதரை வைத்து யாருக்கும் உணவுப் பட்டியல் எழுதித் தர முடியாது.

பூண்டு கொசுவை விரட்டும் என்பதைச் சரியான முறையில் சோதித்துவிட்டார்கள். யார் பூண்டு சாப்பிட்டார், யார் வெற்று மாத்திரை சாப்பிட்டார் என்பது ஆய்வாளருக்கும் தெரியாது, சாப்பிட்டவருக்கும் தெரியாது. 2005-இல் வந்த அந்த முடிவில் கொசுக்கடியில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. வைட்டமின் பி1 கொசுவை விரட்டும் என்ற கதை 1943-இல் வந்த ஒரு மருத்துவக் குறிப்பிலிருந்து தொடங்கியது. பிறகு செய்த சோதனைகள் அதை உறுதிப்படுத்தவில்லை. வாய்வழியாகச் சாப்பிட்டுப் பூச்சியை விரட்டும் மருந்து என்று எதையும் ஏற்க முடியாது என அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1985-இல் விதியே போட்டுவிட்டது. அவள் சாப்பிடும் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் பி6 அதிக அளவில் இருந்து, மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டால் நரம்பு பாதிக்கப்பட்டுக் கை கால் மரத்துப்போகலாம். ஏற்கெனவே அப்படி இருக்கிறதா என்று அவளிடம் கேளுங்கள்.

இனி உடல் நாற்றத்துக்கு வருகிறேன். 15 வயதுப் பெண்ணுக்கு இதுதான் கொசுவை விடப் பெரிய வலி.

உடம்பு முழுக்க இருக்கும் வியர்வைச் சுரப்பிகளிலிருந்து வருவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். அக்குளிலும் தொடை இடுக்கிலும் இருப்பவை வேறு வகை. பருவம் எய்தும்போதுதான் அவை விழிக்கின்றன. அவற்றிலிருந்து வரும் கெட்டியான திரவத்துக்கும் தனியாக வாசனை கிடையாது. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதை உடைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. அந்தச் சுரப்பிகள் எவ்வளவு சுரக்கும், எந்தப் பாக்டீரியா குடியிருக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஏபிசிசி11 என்ற மரபணுவில் ஒரு சிறு மாற்றம் இருப்பவர்களுக்கு அக்குள் நாற்றமே அநேகமாக இருக்காது. கிழக்கு ஆசியாவில் ஏராளமானோர் அப்படிப் பிறந்தவர்கள். மற்றவர்களுக்கெல்லாம் வியர்வை வாடை இயற்கை. சுத்தமில்லாத பெண் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

சாப்பாடு இதில் எப்படி நுழைகிறது? பூண்டை நசுக்கும்போதும் மெல்லும்போதும் கந்தகச் சேர்மங்கள் உண்டாகின்றன. அவற்றில் ஒன்றான அல்லைல் மெத்தில் சல்ஃபைடைக் குடலும் கல்லீரலும் உடைத்து முடிப்பதில்லை. அது ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாகவும் தோல் வழியாகவும் மணிக்கணக்கில் வெளியேறுகிறது. பல் தேய்த்தாலும் பூண்டு வாடை போகாததற்குக் காரணம் இதுதான். வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டு மென்றுவிட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைமேல் மதியம் வரைக்கும் அந்த வாடை இருக்கத்தான் செய்யும். பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்னதற்குக் காரணம் வியர்வையா பூண்டா என்று யோசித்துப் பாருங்கள். வெந்தயம் அதிகம் சாப்பிட்டால் வியர்வையிலும் சிறுநீரிலும் ஒரு வகை இனிப்பு வாசனை வரும். அதனால் தீங்கு ஏதும் இல்லை.

இறைச்சியைப் பற்றி 2006-இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 17 ஆண்கள் இரண்டு வாரம் இறைச்சியோடும், வேறொரு சமயம் இரண்டு வாரம் இறைச்சியில்லாமலும் சாப்பிட்டார்கள். இறைச்சி இல்லாத நாட்களின் அக்குள் வாசனையைப் பெண்கள் கொஞ்சம் இனிமையாக மதிப்பிட்டார்கள். 2016-இல் அதே நாட்டில் செய்த இன்னொரு ஆய்வில், நிறையப் பூண்டு சாப்பிட்ட ஆண்களின் அக்குள் வாசனை மேலானது என்றே பெண்கள் சொன்னார்கள். மூச்சு வாடை அதில் கணக்கில் இல்லை, அக்குள் மட்டும்தான். காய்கறியும் பழமும் அதிகம் சாப்பிடும் ஆண்களின் வியர்வை வாசனை இனிமையாக இருப்பதாக 2017-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, காய்கறி பழம் தாராளமாகச் சாப்பிடுவது எப்படிப் பார்த்தாலும் நல்லது என்பது மட்டும்தான். அதற்காக முட்டையையும் இறைச்சியையும் தள்ள வேண்டியதில்லை.

ஒரே ஒரு நிலையில் மட்டும் நானே உணவைக் குறைக்கச் சொல்வேன். உடம்பிலிருந்து மீன் வாடை போல வீசினால், எவ்வளவு குளித்தாலும் போகாவிட்டால், டிரைமெத்திலமினூரியா என்ற அரிய பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். முட்டை, கல்லீரல், மீன் போன்றவற்றில் உள்ள கோலின் என்ற சத்திலிருந்து குடலில் உண்டாகும் பொருளை இவர்களின் கல்லீரலால் மாற்ற முடியாது. சிறுநீரைச் சோதித்துத்தான் இதை உறுதிசெய்ய வேண்டும், நாமாக முடிவு செய்யக் கூடாது. அதேபோல மூச்சில் அழுகிய பழம் போன்ற வாசனையோடு அதிக தாகமும் எடைக் குறைவும் இருந்தால் தாமதிக்காமல் ரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். உணவை மிகவும் குறைத்துப் பட்டினி கிடப்பவர்களுக்கும் மூச்சில் இதே வாடை வரும். உங்கள் மகளிடம் இதைக் கவனியுங்கள்.

வியர்வை நாற்றத்துக்கு நேரடியான வழி சுலபமானது. பென்சாயில் பெராக்சைடு கலந்த, முகப்பருவுக்குத் தரும் கழுவும் ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும். குளிக்கும்போது அக்குளில் பூசி, ஒன்றிரண்டு நிமிடம் விட்டுக் கழுவட்டும். பாக்டீரியா குறையும். துணியில் பட்டால் சாயம் போய்விடும் என்பதால் வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்வது நல்லது. எரிச்சல் வந்தால் நிறுத்திவிட வேண்டும். டியோடரண்ட் வாசனையை மறைக்கும், ஆன்டிபர்ஸ்பிரண்ட் வியர்வையையே குறைக்கும். பின்னதை இரவில் படுக்கும்முன் நன்றாக உலர்ந்த அக்குளில் பூசினால்தான் பலன். காலையில் வியர்த்த தோலில் அவசரமாகப் பூசுவதால் பெரிய பயன் இல்லை. அப்புறம் உடை. பாலியெஸ்டர் துணியில் நாற்றத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பருத்தியை விட நன்றாக வளர்கின்றன. அக்குள் மடிப்பில் துவைத்த பிறகும் வாடை நிற்கும் சட்டையை ஒதுக்கிவிடுங்கள்.

கொசு விஷயத்தில் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவளை மட்டும் கடிக்கிறது என்பது முழு உண்மையாக இல்லாமலும் இருக்கலாம். தடிப்பு என்பது கொசுவின் எச்சிலுக்கு நம் உடம்பு காட்டும் அலர்ஜி. பல ஆண்டுகள் கடிபட்ட பெரியவர்கள் பலருக்கு அது பழகிப்போய்த் தடிப்பே வராது. கடித்தது தெரியாமலே போய்விடும். சின்ன வயதினருக்கு ஒரே கடி கூடப் பெரிதாக வீங்கி நாள் கணக்கில் அரிக்கும். அதனால் தடிப்பை எண்ணிக் கடியை எண்ண முடியாது. தடிப்புகள் வரிசையாகவோ, காலையில் எழுந்ததும் புதிதாகவோ தெரிந்தால் மெத்தையின் தையல் ஓரங்களில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அவளுடைய தோலின் வாசனையை மாற்ற முடியாவிட்டாலும், கொசு அதைக் கண்டுபிடிப்பதைத் தடுக்க முடியும். டீட், பிக்காரிடின், ஐஆர்3535 ஆகியவற்றில் ஒன்று இருக்கும் விரட்டி க்ரீமை வாங்குங்கள். பெட்டியில் இருக்கும் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கம் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். டீட் 20 முதல் 30 சதவீதம் இருந்தால் சில மணி நேரம் தாங்கும். கணுக்கால், பாதத்தின் மேற்புறம், ஆடுசதை எங்கும் இடைவெளி விடாமல் பூச வேண்டும். அங்கங்கே பொட்டு வைப்பதுபோல் தொட்டுவிட்டால் நடுவில் விட்ட இடத்தில் கொசு கடிக்கும். துணிக்கு அடியில் பூசத் தேவையில்லை. சொறிந்து புண்ணாகியிருக்கும் இடத்தில் பூசக் கூடாது. புண் ஆறும் வரை அந்த இடங்களைத் தளர்வான, வெளிர் நிற முழுக்கால் உடையால் மூடிவைக்கலாம். டீட் பட்டால் மூக்குக்கண்ணாடியின் பிளாஸ்டிக் கெடும் என்பதால் பூசியதும் கையைக் கழுவட்டும். வீட்டில் இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தை இருந்தால் அதற்கு டீட் கூடாது, வலை மட்டும் போதும்.

அவள் படிக்கும் மேசைக்கு அடியில் கால் பக்கமாக ஒரு மின்விசிறி வைத்துவிடுங்கள். கொசு காற்றை எதிர்த்துப் பறக்கத் திணறும், மூச்சும் தோல் வாசனையும் காற்றில் கலைந்துபோகும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது. விடிந்த பிறகும், பொழுது சாய்வதற்கு முன்பும் அதன் வேகம் அதிகம். இரவு வலைக்குள் தூங்குவதோடு பகலையும் கவனிக்க வேண்டும். வீட்டுக்குள்ளும் வெளியிலும் தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டித் துடையுங்கள். முட்டையிலிருந்து கொசுவாவதற்கு அதற்கு ஏறக்குறைய ஒரு வாரம்தான் வேண்டும்.

தடிப்பு வந்தவுடன் சொறியாமல் குளிர்ந்த ஒத்தடமும் கலமைன் லோஷனும் கொடுக்கலாம். அரிப்பு தாங்கவில்லை என்றால் மருத்துவரைக் கேட்டு 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் க்ரீமைச் சில நாள் பூசலாம். இரவில் அலர்ஜி மாத்திரை தேவையா என்றும் அவரையே கேளுங்கள். புண்ணில் சீழ் வைத்தாலோ, சுற்றிலும் சூடாகச் சிவந்து பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். கருப்புத் தழும்புகள் புதிதாகச் சொறியாமல் இருந்தால் தானாகவே மங்கும், ஆனால் மாதங்கள் ஆகும். வெயில் பட்டால் இன்னும் கருக்கும் என்பதால் வெளியே போகும்போது காலிலும் சன்ஸ்கிரீன் பூசட்டும். சன்ஸ்கிரீன் முதலில், அது உலர்ந்த பிறகு அதன் மேல் கொசு விரட்டி. இரண்டும் கலந்த ஒரே க்ரீம் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். சன்ஸ்கிரீனை அடிக்கடி பூச வேண்டும், விரட்டியை அப்படிப் பூசக் கூடாது.